ரைட் ஆஃப் த பேட்னா ‘உடனே’ இல்ல தம்பி, ‘எடுத்த எடுப்புலயே’

மத்தவங்களுக்கும் புரியட்டும்னு தம்பி கேட்ட கேள்விய முதல்ல சொல்லிடுறேன். தம்பி நம்ம மலேசியாவுல, குளுவாங் வட்டாரத்து ரெங்கம் பக்கத்து எஸ்டேட்ல பொறந்து வளந்தவரு, இப்ப ஜோகூர் பாருல ஒரு ரூம்ல தங்கிகிட்டு சிங்கப்பூர்ல ஒரு ஸ்டோர் வேலைக்கு போன்லயே இண்டர்வியூ குடுத்திருக்காரு. ஹலோ சொல்லி முடிச்சதும் அந்தப் பக்கத்து அம்மா ‘ரைட் ஆஃப் த பேட், ஐ ஹேவ் டு டெல் யூ, திஸ் ஜாப் ஹேஸ் நைட் ஷிஃப்ட்’னு சொல்லியிருக்காங்க. தம்பிக்கு பேட்னு ஒண்ணு காதுல விழுந்துச்சு, நைட்டுன்னு ஒண்ணு விழுந்துச்சு, ரெண்டையும் சேத்துவச்சு ‘ராத்திரியில வௌவால் மாதிரி முழிச்சிருந்து வேல செய்யணும்’னு அவரே ஒரு அர்த்தம் கட்டிகிட்டாரு. அப்பறம் போன்ல தேடிப் பாத்தா ‘உடனடியாக’ன்னு இருந்துச்சாம், சரி நாமளும் ஸ்டைலா போடுவோம்னு வாட்ஸ்அப்ல ‘ஐ கேன் ஜாயின் ரைட் ஆஃப் த பேட்’னு அனுப்பிட்டாரு. பதிலுக்கு ஒரு சிரிக்கிற மூஞ்சி மட்டும் வந்திருக்கு, வேற ஒண்ணும் வரல. ‘அண்ணே, நான் எழுதுனது தப்பா, இத எங்கெங்க போடலாம்?’ இதான் கேள்வி.

வேல போயிடுற அளவுக்கு தப்பு இல்ல தம்பி, பயப்படாதீங்க. ஆனா இங்கிலீஷ்லயே பேசி வளந்தவங்க அந்த எடத்துல அப்படி சொல்ல மாட்டாங்க, அதான் அந்த சிரிப்பு. அகராதியில ‘உடனடியாக’ன்னு இருக்குறது பொய் இல்ல, பாதி உண்மை. இந்தச் சொல்லுல வேகம் ரெண்டாவது விஷயம்தான். ஒரு காரியம் தொடங்குது பாருங்க, அந்தத் தொடக்கத்துலயே, வேற எதுவும் நடக்குறதுக்கு முன்னாலயே, அதான் விஷயம். நம்ம வாயில தினம் வர்ற சொல்லு ஒண்ணு இதுக்கு அச்சு அசலா பொருந்தும், எடுத்த எடுப்புலயே. அந்த அம்மா சொன்னத தமிழ்ல சொன்னா ‘எடுத்த எடுப்புலயே சொல்லிடுறேன், இந்த வேலையில நைட் ஷிஃப்ட் இருக்கு’ன்னு வரும். அதாவது மத்த கதையெல்லாம் பேசி உங்கள ஆசை காட்டிட்டு கடைசியில நைட் ஷிஃப்ட்னு சொல்ல விரும்பல, முதல்லயே போட்டு ஒடச்சிட்டாங்க. நல்ல மனுஷி.

வௌவால் விஷயத்துல உங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், குளுவாங் ஆளுக்கு பேட்னு சொன்னா வேற என்னா ஞாபகம் வரும்? நம்ம ஊரு பேரே அதுலருந்து வந்ததுதான், மலாய்ல கெலுவாங்னா பழம் தின்னுற பெரிய வௌவால், ஒரு காலத்துல இந்தப் பக்கம் அது கூட்டங்கூட்டமா இருந்துச்சாம், பேர மட்டும் விட்டுட்டு அது போயிடுச்சு. நான் டியூஷன் எடுக்குறப்ப ஒரு பொண்ணு, ரைட் ஆஃப் த பேட்னா வௌவால் மேல ஏறி வர்ற மாதிரி சீக்கிரம் வர்றதான்னு கேட்டுச்சு. ரைடு இல்லம்மா ரைட்டுன்னு சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள அரை மணி நேரம் ஓடிடுச்சு.

இந்த பேட் வௌவாலும் இல்ல, நம்ம பேட்மிண்டன் மட்டையும் இல்ல, கிரிக்கெட் மட்டையும் இல்ல. இது அமெரிக்காக்காரன் பேஸ்போல் ஆடுற அந்த உருட்டுக் கட்ட. அங்க நேஷனல் லீக்னு ஒண்ணு 1876ல ஆரம்பிச்சது, அந்தக் காலத்துலயே பேப்பர்ல விளையாட்டுச் செய்தி நெறைய வரும், அப்படியே மைதானத்துப் பேச்செல்லாம் வீட்டுப் பேச்சா மாறி 19ஆம் நூற்றாண்டு முடியிறதுக்குள்ள இந்தச் சொல்லும் பொதுவா பொழங்க ஆரம்பிச்சிடுச்சு. கட்டையில பந்து படுது, பட்ட வேகத்துல பறக்குது, பந்தும் கட்டையும் ஒட்டியிருக்குற நேரம் ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கட்டையிலருந்து பந்து கெளம்புற அந்த நொடிதான் ஆஃப் த பேட். ரைட்டுங்கிறது இங்க வலது பக்கமும் இல்ல சரிங்கிறதும் இல்ல, ‘அப்பவே, அந்த எடத்துலயே’ன்னு அழுத்திச் சொல்றதுக்குப் போடுறது, ரைட் நவ், ரைட் ஹியர்ல வர்ற அதே ரைட்டு.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிரிக்கெட்ல பந்த அடிச்சிட்டு ஓடலாமா வேணாமான்னு நின்னு யோசிக்கலாம், எதிர்ல இருக்குறவன்கிட்ட ‘நோ நோ’ன்னு கத்தலாம், ஓடாம நின்னாலும் யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. பேஸ்போல்ல அந்தக் கதையே இல்ல, அடிச்ச பந்து கோட்டுக்கு உள்பக்கமா போயிடுச்சுன்னா கட்டையப் போட்டுட்டு 90 அடி தூரத்துல இருக்குற முதல் பேஸுக்கு ஓடியே ஆகணும். பந்து கெளம்புற நொடியில ஆளும் கெளம்பணும். நம்ம செகண்டரி ஸ்கூல்ல பொம்பளப் புள்ளைங்க சாஃப்ட்போல் ஆடுறதப் பாத்திருப்பீங்க, அதுலயும் இதே கததான். அதனாலதான் அந்த ஆட்டத்துலருந்து இப்படி ஒரு சொல்லு பொறந்துச்சுன்னு நான் நெனைக்கிறேன், இது என் கணக்குதான், எந்தப் புத்தகத்துலயும் பாத்து சொல்லல.

கிரிக்கெட்லருந்தும் ஒரு பேட் சொல்லு இருக்கு, அத இதோட போட்டுக் கொழப்பிக்கக் கூடாது. ஆஃப் ஹிஸ் ஓன் பேட்னு பிரிட்டிஷ்காரங்க சொல்லுவாங்க. அவன் சொந்த மட்டையால அடிச்சு எடுத்த ரன்னுங்கிறதுலருந்து வந்தது, யாரும் சொல்லாம, யாரையும் கேக்காம, தானா முன்வந்து ஒரு வேலைய செஞ்சா அப்படி சொல்றது. ‘யாரும் சொல்லல, அவளா போயி கோயில் மண்டபத்த கூட்டிட்டு வந்துட்டா’ன்னு சொல்றோமே, அந்த ‘அவளா’தான் ஆஃப் ஹர் ஓன் பேட். நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. நம்ம ஸ்கூல்ல படிச்சது பிரிட்டிஷ் இங்கிலீஷ், பாக்குறது பூரா அமெரிக்கப் படம், அதனால ரெண்டும் ஒரே மண்டையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. இப்ப பிரிட்டிஷ்காரங்களும் ஸ்ட்ரெய்ட் ஆஃப் த பேட்னு சொல்லுறாங்க, அதுவும் எடுத்த எடுப்புலயேதான், பயப்படாம போடலாம்.

நீங்க செஞ்ச அதே தப்ப நானும் செஞ்சிருக்கேன் தம்பி, அதனாலதான் இவ்வளவு உக்காந்து எழுதுறேன். ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல நான் சின்ன கிராணியா, அதான் கிளார்க்கா, சேந்த புதுசு. தொழிலாளிங்க குடியிருக்குற லயத்துக்கு தண்ணி ஏத்துற பம்பு ரிப்பேராயிடுச்சு, பொம்பளைங்க கொடத்த தூக்கிகிட்டு ஆபீஸ் வாசல்ல வந்து நின்னுட்டாங்க. வர்க்‌ஷாப்புக்கு ஒரு மெமோ அடின்னாரு பெரிய கிராணி. அப்பத்தான் ஒரு இங்கிலீஷ் கத புத்தகத்துல இந்தச் சொல்லப் பாத்து மனசுல வச்சிருந்தேன், போடாம இருப்பேனா, ‘ப்ளீஸ் ரிப்பேர் த வாட்டர் பம்ப் ரைட் ஆஃப் த பேட்’னு அடிச்சு நீட்டிட்டேன். சின்ன தொர, அதான் அசிஸ்டெண்ட் மேனேஜரு, கையெழுத்து போடுறப்ப அதப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, செவப்பு பேனாவ எடுத்து ஓரத்துல ரெக்கையோட ஒரு வௌவால் படம் வரஞ்சாரு, கீழ ‘இமிடியட்லி’னு எழுதி என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாரு. ஆபீஸ்ல எல்லாரும் அத கையில வாங்கி வாங்கிப் பாத்து சிரிச்சாங்க. பம்பு என்னமோ மூணு நாள் கழிச்சுத்தான் ஓடுச்சு, அது வேற கத.

நான் எங்க தப்பு விட்டேன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. பம்ப ரிப்பேர் பண்ணுறது ஒரு கட்டள, இனிமே நடக்க வேண்டியது, அது சீக்கிரம் நடக்கணும்னு கேக்குறேன். ரைட் ஆஃப் த பேட் கட்டளையோட ஒட்டாது. ஏற்கனவே ஒண்ணு தொடங்கியிருக்கணும், ஒரு பேச்சு, ஒரு வேல, ஒரு சந்திப்பு, ஒரு பழக்கம், அதோட முதல் நிமிஷத்துல என்னா நடந்துச்சுங்கிறதச் சொல்லத்தான் அது. பம்பு வேலைக்கு தொடக்கமே இன்னும் வரலியே, அப்பறம் எங்கருந்து எடுத்த எடுப்பு?

தமிழ்லயே சோதிச்சுப் பாத்துடலாம், இதான் நான் பசங்களுக்கு சொல்லிக் குடுக்குற வழி. நீங்க சொல்ல வர்றதுல ‘எடுத்த எடுப்புலயே’ன்னு போட்டா வாய்க்கு சரியா வருதா பாருங்க. ‘பெரட்டுல எடுத்த எடுப்புலயே மண்டோர் ஏச ஆரம்பிச்சிட்டாரு’ (பெரட்டுன்னா எஸ்டேட்ல காலையில ஆள் கணக்கு எடுக்குறது, மண்டோர்னா மேற்பார்வைக்காரரு), சரியா வருது, அப்ப இங்கிலீஷ்லயும் ரைட் ஆஃப் த பேட் ஓடும். ‘எடுத்த எடுப்புலயே சம்பளத்தப் பத்தி கேட்டுட்டான்’, ஓடும். ‘அண்ணே ஒரு தே தாரிக், எடுத்த எடுப்புலயே கொண்டாங்க’, இப்படி ஆத்துன பால் டீய கடையில கேட்டா அந்த மாமாக் (இந்திய முஸ்லிம்) கடை அண்ணன் உங்கள மேலயும் கீழயும் பாப்பாரு இல்லையா, இங்கிலீஷ்லயும் அதே பார்வதான் கெடைக்கும். அங்க ரைட் அவேதான் போடணும், ஸ்ட்ரெய்ட் அவே போடலாம், நம்ம ஊரு மாதிரி வெறும் நவ்வுன்னாலும் தே தாரிக் வந்துடும்.

எல்லா எடத்துலயும் எடுத்த எடுப்புன்னே தமிழ்ல வராது, அதையும் சொல்லணும். ‘ஐ லைக்ட் ஹெர் ரைட் ஆஃப் த பேட்’னு ஒருத்தன் சொன்னா அது நமக்கு ‘பாத்த ஒடனே பிடிச்சிப் போச்சு’, கொஞ்சம் எழுத்து நடையில ‘பார்த்த மாத்திரத்தில்’. ‘ஹீ ஸ்டார்டட் கம்ப்ளெயினிங் ரைட் ஆஃப் த பேட்’, இது ‘வந்ததும் வராததுமா கொற சொல்ல ஆரம்பிச்சிட்டான்’. இந்த ‘வந்ததும் வராததுமா’ எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லு, வந்தானா வரலையாங்கிற அந்த வாசப்படியிலயே ஆள நிறுத்திடுது பாருங்க, செருப்பக்கூட இன்னும் கழட்டல, அதுக்குள்ள கொற சொல்றான். இங்கிலீஷ்காரன் பந்தயும் கட்டையயும் வச்சு சொன்னத நம்ம ஆளு வாசப்படிய வச்சு சொல்லிட்டான்.

எடுப்புங்கிற சொல்லும் லேசுப்பட்டது இல்ல. கர்நாடக சங்கீதத்துல தாளத்துல எந்த எடத்துல பாட்டு தொடங்குதோ அதுக்குப் பேரே எடுப்புதான். சங்கீதம் வேணாம், நம்ம ஊரு திருவிழாவுக்கு வாங்க, உறுமி மேளக்காரப் பசங்க மெதுவா சூடேத்தி அப்பறம் வேகம் புடிக்கிறது ஒரு வகை, சில குழு எடுத்த எடுப்புலயே காத கிழிச்சிடுவானுங்க. அந்த ரெண்டாவது குழுதான் ரைட் ஆஃப் த பேட்.

பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டுனவங்க வீட்டுப் புள்ளையா இருந்தா இன்னும் சுலபமா சொல்லலாம். எங்கம்மா வெளிக்கட்டும் முன்ன நெத்தியில விளக்க கட்டிகிட்டு மர வரிசைக்கு, நெறைக்கு போவாங்க, லீவு நாள்ல நானும் பின்னாலயே போவேன். பழைய வெட்டுல காஞ்சு கெடக்குற கோட்டுப்பால சர்ருன்னு உரிப்பாங்க, கத்திய சாய்வா வச்சு ஒரே இழுப்பு, மெல்லிசா பட்ட சுருண்டு விழும், கத்தி இன்னும் கோட்டோட அடுத்த முனைக்குக்கூட போயிருக்காது, இந்த முனையில வெள்ள வெள்ளயா முத்து முத்தா பால் வந்து நிக்கும். அப்பறம் அது கோட்டுலயே ஓடி தகரத்துல எறங்கி, பால் பிடிக்கிற கிண்ணம் மங்குல சொட்டும், மணிக்கணக்கா சொட்டும், ஆனா போகப் போக வேகம் கொறஞ்சுகிட்டே வரும். வெட்டுன அந்த நேரத்துலதான் ஓட்டம் அதிகம். குளிர்ச்சியா இருக்குற விடிகாலையில மரத்துக்குள்ள அழுத்தம் கூட இருக்கும், அதுக்குத்தான் அந்த நேரத்துல வெட்டுறது. கத்தி பட்ட எடத்துல, பட்ட அந்த நேரத்துல பால் வந்து நிக்குது பாருங்க, அதான் தம்பி ரைட் ஆஃப் த பேட். மங்கு சீக்கிரம் நெறஞ்சுதான்னு கேட்டா அது வேற கேள்வி, அதுக்கு இங்கிலீஷ்ல இன் நோ டைம்னு வேற சொல்லு இருக்கு.

இன்னொரு சொல்லையும் இதோட சேத்து கொழப்பிக்கிறாங்க, அட் த ட்ராப் ஆஃப் அ ஹேட். தொப்பி கீழ விழுற நேரத்துலன்னு அர்த்தம். இதுவும் அமெரிக்காதான், ஆனா வயசுல மூத்தது, 1837லயே அவங்க நாடாளுமன்ற விவாதப் பதிவுல இருக்கு. ஓட்டப் பந்தயமோ குதிரப் பந்தயமோ அடிதடியோ, ஒருத்தன் தொப்பிய கீழ போடுவான், அதான் ‘ஆரம்பிங்க’ங்கிறதுக்கு சாட. இதுக்கு அர்த்தம் வெறும் சீக்கிரம் இல்ல, கொஞ்சம் சாக்கு கெடச்சாலே போதும், யோசிக்காம எறங்கிடுவான்னு அர்த்தம். அதனால இதுக்கு தமிழ் ரெண்டு மூஞ்சியோட வரும். நல்லவிதமா சொன்னா ‘கூப்ட்ட கொரலுக்கு ஓடி வருவான்’, இன்னும் ஒருபடி மேல போனா ‘எள்ளுன்னா எண்ணெயா நிப்பான்’. கெட்டவிதமா சொன்னா ‘தொட்டதுக்கெல்லாம் கோவப்படுவான்’. ரெண்டுமே இங்கிலீஷ்ல ஒரே சொல்லு. என் பெரியப்பா ஒருத்தரு இருந்தாரு, ஒதவின்னா தொப்பி விழுறதுக்கு முன்ன வந்து நிப்பாரு, சண்டன்னாலும் அப்படித்தான், அவருக்கு ரெண்டு அர்த்தமும் பொருந்தும்.

மிச்சத்த வேகமா சொல்லிடுறேன். கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ளன்னா இன் த ப்ளிங்க் ஆஃப் என் ஐ, நேரம் எவ்வளவு கொஞ்சம்னு காட்டுறது. நின்ன எடத்துலயே, கையோடன்னு சொல்லுறது ஆன் த ஸ்பாட், போலீஸ்காரரு சம்மன் எழுதிக் குடுக்குறாரே அந்த மாதிரி. ஃப்ரம் த வெர்ட் கோவும் தொடக்கத்தத்தான் சொல்லுது, ஆனா அதுல ‘அன்னைலருந்து இன்னைவரைக்கும்’னு ஒரு நீட்டம் இருக்கு, ‘தொடக்கத்துலருந்தே அவனுக்கு என்னைய பிடிக்காது’ங்கிற மாதிரி. ரைட் ஆஃப் த பேட்ல பெரும்பாலும் அந்த நீட்டம் வராது, முதல் அடியோட சரி.

மலாய் நல்லா தெரிஞ்சவங்களுக்கு ஒரு குறுக்கு வழி. ஆபீஸ் கடுதாசியில ‘செர்த்தா மெர்த்தா’ன்னு வருமே, இன்ன தேதியில உடனடியா அமலுக்கு வருதுன்னு, அது இமிடியட்லி. நம்ம மலாய் சிநேகிதங்க பேசுறப்ப ‘அவால் அவால் லாகி’ன்னு சொல்லுவாங்க பாருங்க, ‘அவால் அவால் லாகி டியா டா சக்காப்’, முதல்லயே அவன் சொல்லிட்டான்னு, அதான் ரைட் ஆஃப் த பேட். இந்த ரெண்டையும் நம்ம யாரும் மாத்தி சொல்ல மாட்டோம், காதே ஒத்துக்காது. அந்தக் காத இங்கிலீஷுக்கும் கொஞ்சம் கடன் குடுங்க.

எங்க போடலாம்னு கேட்டீங்கள்ல. பேச்சுல தாராளமா போடலாம், வாக்கியத்துக்கு முன்னாலயும் வரும், கடைசியிலயும் வரும். முன்னால போட்டா பக்கத்துல ஒரு கமா வச்சிடுங்க. இண்டர்வியூல பேசுறப்பயும் தப்பில்ல, அந்த அம்மாவே சொன்னாங்களே. லாயர் கடுதாசி, ராஜினாமா, ரிப்போர்ட், இந்த மாதிரி எதுலயும் வேணாம், அங்க அது சட்ட பட்டன் போடாம ஆபீஸுக்கு போன மாதிரி இருக்கும். எஸ்பிஎம், அதான் அஞ்சாம் பாரத்துப் பரீட்சை, எழுதுற தங்கச்சி வீட்டுல இருந்தா சொல்லுங்க, 2021லருந்து மாறுன அந்த இங்கிலீஷ் எழுத்துப் பேப்பர்ல முதல் பகுதியில சிநேகிதனுக்கு 80 வார்த்தைக்கு கிட்ட ஒரு ஈமெயில் எழுத சொல்லுவாங்க, அதுல ஒரு தடவ போட்டா அழகா இருக்கும். ஒரே ஒரு தடவ. சில புள்ளைங்க புதுசா ஒரு சொல்லு கெடச்சிட்டா பிரியாணியில முந்திரி போடுற மாதிரி வாக்கியத்துக்கு வாக்கியம் போட்டுடுதுங்க.

இப்ப உங்க மெசேஜுக்கு வர்றேன். ஜாயின் ரைட் ஆஃப் த பேட்னு படிக்கிறப்ப அவங்களுக்கு விஷயம் புரிஞ்சிருக்கும், அதனால அத எடுத்துப்போட்டு மன்னிப்பெல்லாம் கேட்டு நீட்டாதீங்க. சாதாரணமா இன்னொரு மெசேஜ் விடுங்க, ‘ஐ கேன் ஸ்டார்ட் ரைட் அவே, அண்ட் நைட் ஷிஃப்ட் இஸ் ஃபைன் வித் மீ’ன்னு. ஆனா ரைட் அவேன்னு எழுதுறதுக்கு முன்ன ஒண்ண யோசிச்சுக்குங்க, இப்ப செய்யிற வேலையில நோட்டீஸ் குடுக்கணும்ல? ஒரு மாசம்னு கையெழுத்து போட்டிருந்தீங்கன்னா அத மறைக்காம முதல் வரியிலயே எழுதிடுங்க, ‘ரைட் ஆஃப் த பேட், ஐ ஷுட் மென்ஷன் தட் ஐ ஹேவ் அ ஒன் மன்த் நோட்டீஸ்’. இந்த எடத்துல அது கச்சிதமா உக்காரும், இந்தத் தடவ அவங்க சிரிக்க மாட்டாங்க.